கோங்கோராவின் முடிச்சா, கெவேதோவின் ஊசியா?

17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியக் கவிதை இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது. ஒரு பக்கம் கோர்தோபா தேவாலயத்தில் பதவி வகித்த லூயிஸ் தே கோங்கோரா (1561–1627). எதிர்ப்பக்கம் அவரைவிட 19 வயது இளையவரான மத்ரீத்காரர் பிரான்சிஸ்கோ தே கெவேதோ (1580–1645). முன்னவர் பாணிக்குக் குல்தெரானிஸ்மோ என்றும் பின்னவர் பாணிக்குக் கொன்செப்திஸ்மோ என்றும் பெயர். முதற்பெயரே ஒரு வசவுதான். ‘கற்றறிந்த’ என்று பொருள்படும் சொல்லோடு கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்த லூத்தரின் பெயரை ஒட்டவைத்து, கவிதைக்குள் மதத்துரோகம் புகுந்துவிட்டது என்று கேலி செய்தார்கள். அன்றைய கத்தோலிக்க ஸ்பெயினில் அது சாதாரணக் கேலியல்ல.

கோங்கோரா சொல்லை அலங்கரித்தார், கெவேதோ கருத்தைச் செறித்தார் என்று பாடப்புத்தகங்கள் முடித்துவிடும். எனக்கு அது போதவில்லை. இருவருமே கடினம்தான். அந்தக் கடினம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதில்தான் வேறுபாடு.

கோங்கோராவின் ‘தனிமைகள்’ 1613இல் கையெழுத்துப் பிரதியாகச் சுற்றத் தொடங்கியது. அதன் முதல் ஆறு வரிகளில் இருக்கும் செய்தி ‘அது வசந்த காலம்’ என்பது மட்டுமே. அவர் சொல்லும் விதமோ வேறு: யூரோப்பாவைக் கவர்ந்து சென்ற அந்தப் பொய்வேடக்காரன், நெற்றியில் பிறைநிலவே கொம்பாக, ரோமமெல்லாம் கதிரொளியாக, நீலக்கல் வயல்களில் விண்மீன்களை மேய்கிறான். காளையுருவில் வந்து யூரோப்பாவைத் தூக்கிச் சென்றவன் ஜூபிடர். அந்தக் காளைதான் ரிஷப ராசி. சூரியன் அங்கே நிற்கும் பருவம் என்கிறார். பஞ்சாங்கம் புரட்டிய கைக்கு இந்த முடிச்சு சீக்கிரமே அவிழும். அதைவிடச் சிக்கல் வாக்கிய அமைப்பு. எழுவாய் ஓரிடம், பயனிலை நாலு வரி தள்ளி. நம் இலக்கணத்தில் கொண்டுகூட்டு என்போமே, கிட்டத்தட்ட அதுதான்; அவர் லத்தீனிலிருந்து எடுத்துக்கொண்டார். பொறுமையாகச் சொற்களைக் கூட்டிவிட்டால் பொருள் முழுதாகக் கைக்கு வருகிறது. அதன் பிறகும் அந்த நீலக்கல் வயல் மங்குவதில்லை.

கெவேதோவிடம் வாக்கியம் நேராகத்தான் ஓடும். ‘ஒரு மூக்கில் ஒட்டிக்கொண்டிருந்தான் ஒரு மனிதன்’ என்று ஒரு சானெட் (14 வரிக் கவிதை) தொடங்குகிறது. மூக்குக்கு மனிதன் ஒட்டு! அடுத்தடுத்து அந்த மூக்கு சூரியக் கடிகாரமாகிறது, மல்லாந்த யானையாகிறது, எகிப்தியப் பிரமிடாகிறது. ரோமக் கவி ஓவிட்டின் குடும்பப் பெயர் நாசோ. லத்தீனில் மூக்கைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது அது, நம் ‘நாசி’யின் தூரத்து உறவு. அந்த ஓவிட்டையும் மிஞ்சிய மூக்கன் என்கிறார். பிறகு ‘பன்னிரண்டு குலங்களின் மூக்கு’ என்று வரும்போது சிரிப்பு தொண்டையில் நின்றுவிடுகிறது. பன்னிரண்டு குலங்கள் யூதர்களுடையவை. இந்த சானெட் கோங்கோராவைக் குறிவைத்தது என்றே பரவலாகச் சொல்வார்கள். இன்னொரு கவிதையில், ‘நீ கடிக்காதிருக்க என் கவிதைகளில் பன்றிக் கொழுப்பைத் தடவி வைக்கிறேன்’ என்று வெளிப்படையாகவே பெயர் சொல்லித் தாக்குகிறார். யூதர்கள் பன்றியைத் தொடமாட்டார்கள் என்பதுதான் இதிலுள்ள குத்தல். பூர்விகத்தைச் சந்தேகத்துக்குள்ளாக்குவது அன்று ஆளையே ஒழிக்கக்கூடிய ஆயுதம். கோங்கோராவும் சும்மா இருக்கவில்லை. எதிரியின் ஊனமான காலையும் மூக்குக்கண்ணாடியையும் குடியையும் இழுத்தார். மூக்கைக் கவ்வி நிற்கும் அந்த வகைக் கண்ணாடிக்கு ஸ்பானிய மொழியில் இன்றும் ‘கெவேதோஸ்’ என்றே பெயர்.

கெவேதோவின் சிக்கல் இதுதான்: சிலேடைக்கு ஆயுள் குறைவு. ஊர் வம்பும் அன்றைய நம்பிக்கைகளும் தெரிந்தால்தான் ஊசி குத்தும். அடிக்குறிப்பு படித்து யாரும் வாய்விட்டுச் சிரித்ததில்லை. கெவேதோவின் கொன்செப்திஸ்மோ பக்கத்தவராக எண்ணப்படும், சொற்சாமர்த்தியத்துக்கு இலக்கணம் எழுதிய பல்தாசார் கிராசியான், எடுத்துக்காட்டுகளுக்குக் கோங்கோராவை அள்ளி அள்ளிப் பயன்படுத்துகிறார் என்பதையும் கவனிக்க வேண்டும். கட்சிக்கோடு அவ்வளவு நேராக இல்லை.

பின்வந்தவர்கள் கொடுத்த தீர்ப்பும் ஒரே பக்கமாக இல்லை. மெக்சிகோவின் துறவிக் கவி சோர் ஹுவானா தன் ‘முதற் கனவு’க்குக் கோங்கோராவைப் பின்பற்றினார். அதன் பிறகு நெடுங்காலம் கோங்கோராவின் பெயர் பிதற்றலுக்கு மறுபெயராகக் கிடந்தது. 1927இல், அவர் இறந்த 300ஆம் ஆண்டில், கவிஞர்கள் லோர்காவும் தாமசோ அலோன்சோவும் சேர்ந்த ஸ்பானிய இளைஞர் குழு அவரை மீட்டெடுத்தது. 27ஆம் ஆண்டுத் தலைமுறை என்ற பெயரே அவர்களுக்கு அதிலிருந்து வந்தது. கெவேதோவுக்கோ அவரைக் கொண்டாட அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் கிடைத்தார்.

புதிதாக வருபவர் எங்கே தொடங்குவது? கெவேதோவின் வசைகளில் வேண்டாம். ‘மரணத்துக்கு அப்பாலும் நிலைக்கும் காதல்’ என்ற சானெட்டை எடுக்கலாம். உயிரும் நாளமும் மஜ்ஜையும் எரிந்தபின் என்ன மிஞ்சும்? ‘தூசியாகும், ஆனால் காதல்கொண்ட தூசி.’ அதற்கு உரையாசிரியர் தேவையில்லை. கோங்கோராவை ஒரு நீண்ட விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் ‘தனிமை’ மட்டுமே முழுமையானது. இரண்டாவது பாதியிலேயே நின்றுவிடும். நான்கு எழுதத் திட்டமிட்டார் என்பார்கள். மீதி இரண்டை அவர் தொடவேயில்லை.