கோலாலம்பூர்ல ஓடுற சத்ரியா ஜிடிஐக்கு எந்த எக்ஸ்டிரக்டர்: 4-1ஆ, 4-2-1ஆ?

எக்ஸ்டிரக்டர், அதாவது இஞ்சின்லருந்து புகைய வெளிய கொண்டு போற பைப் செட், அத மாத்தறதுக்கு முன்னாடி காடி எங்க ஓடப்போகுதுன்னு யோசிங்க, சத்தம் விலை எல்லாம் அப்புறம். என்னோடது சத்ரியா ஜிடிஐ, 4ஜி93 இஞ்சின், 1.8, டர்போ கெடையாது, தெனமும் செந்தூல்லருந்து ஷா ஆலம் வரைக்கும் ஃபெடரல் ஹைவே ஜாம்ல தான் போய்ட்டு வரேன். ஒரு வருஷம் 4-1 போட்டு ஓட்டினேன், இப்ப 4-2-1.

4-1ல நாலு பைப்பும் ஒரே எடத்துல வந்து சேரும், ஆர்பிஎம் முள் (இஞ்சின் நிமிஷத்துக்கு எத்தன சுத்து சுத்துதுன்னு காட்டறது) 6000 தாண்டினதும் இஞ்சின் அப்படி இழுக்கும், கேக்கவே ஆசையா இருக்கும். செப்பாங் மாதிரி 5.543 கிலோமீட்டர் சர்க்யூட்ல, ரெண்டு நீள ஸ்ட்ரெயிட்ல, முள்ள கீழ எறங்கவே விடாம ஓட்டறவங்களுக்கு அதான் சரி. ஆனா ஜாலான் ஈப்போ டிராஃபிக் லைட்ல 2000, 2500ல மிதிச்சா காடி சோம்பலா தான் நகரும், நமக்கு பாதி நேரம் அங்க தானே போகுது.

4-2-1ல 1ஆவதும் 4ஆவதும் ஒரு ஜோடி, 2ஆவதும் 3ஆவதும் ஒரு ஜோடி, அப்புறம் தான் அந்த ரெண்டும் ஒண்ணா சேரும். இஞ்சின் வெடிக்கிற வரிசை 1-3-4-2, அதனால ஒரே ஜோடியில உள்ள ரெண்டு சிலிண்டருக்கும் நடுவுல சரியா ஒரு சுத்து இடைவெளி இருக்கும், ஒண்ணோட புகை இன்னொண்ணு மேல போய் மோதாது. இதோட பலன் 3000லருந்து 5000 வரைக்கும் நல்லா தெரியும். கெந்திங் ஏத்தத்துல மூணாவது கியர்லயே போகுது, முந்தி ரெண்டாவதுக்கு எறக்குவேன். 6000க்கு மேல இழுவையில கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும் தான், எனக்கு அதுல வருத்தமே இல்ல.

பைப்புல மைல்ட் ஸ்டீல் (சாதா ஸ்டீல்) வெல கம்மி, ஆனா நம்ம ஊரு மழைக்கு துரு புடிச்சிரும், அதுமேல ஹீட் ராப் (சூடு வெளிய போகாம சுத்தற பட்டை) வேற சுத்தினா தண்ணி உள்ளயே தங்கி இன்னும் சீக்கிரம் ஓட்டை விழும். காசு இருந்தா 304 ஸ்டெயின்லெஸ் எடுங்க. அது சூட்டுல அதிகமா விரியும், நடுவுல வளைஞ்சு குடுக்கற ஃப்ளெக்ஸ் பைப் இல்லாட்டி வெல்டிங் விரிசல் விடும். இஞ்சின தாங்கற மவுண்ட் தேஞ்சிருந்தாலும் அதே கதி, அத மொதல்ல மாத்திருங்க.

மாட்டற வேலை தான் எனக்கு பெரிய பாடமா போச்சு. மொத தடவ ஒரு வர்க்‌ஷாப்ல இஞ்சினுக்கும் பைப்புக்கும் நடுவுல லீக் ஆகாம வெக்கிற கேஸ்கெட்ட, பழசையே திருப்பி போட்டு அனுப்பிட்டாங்க, ரெண்டு நாள்ல டிக் டிக்னு சத்தம், பெட்ரோல் வேற கண்ணுமுன்னாடி கொறையுது. ஓ2 சென்சருக்கு (புகையில எவ்ளோ ஆக்சிஜன் இருக்குன்னு பாக்கறது) முன்னாடி லீக் இருந்தா வெளிக்காத்து உள்ள போகும், சென்சர் பெட்ரோல் பத்தலன்னு சொல்லும், இஞ்சின் கம்ப்யூட்டர் ஈசியூ இன்னும் ஊத்தும், அதான் நடந்துச்சு. அதனால பொமென்கிட்ட (மெக்கானிக்) நின்னு கேளுங்க: மொத நாள் ராத்திரியே எக்ஸ்டிரக்டர புடிச்சிருக்கற ஸ்டட்டுக்கு (போல்ட்) ஆயில் அடிக்கணும், இஞ்சின் ஆறினப்புறம் தான் கழட்டணும், கேஸ்கெட் புதுசு, நட்டுங்கள நடுவுல உள்ளதுலருந்து வெளிப்பக்கமா கொஞ்சம் கொஞ்சமா முறுக்கணும். ஒரு தடவ சூடாகி ஆறினதும் மறுபடி முறுக்கணும்.

கடைசியா காடிய லிஃப்ட்லருந்து எறக்கினதும் குனிஞ்சு பாருங்க, பைப் எவ்ளோ கீழ தொங்குதுன்னு. நம்ம தாமான் (குடியிருப்பு) ரோட்டு பம்ப்புல அது இடிச்சா 304னாலும் நசுங்கிரும்.