புதர் மண்டிய தோட்டம்: கொத்திப் புரட்டுவதா, மூடாக்குப் போடுவதா?

புதர் மண்டிக் கிடக்கும் தோட்டத்தைக் கையில் எடுத்தால் முதலில் முடிவு செய்ய வேண்டியது இதுதான்: மொத்தமாகக் கொத்திப் புரட்டுவதா, இல்லை அறுத்துப் போட்டு, அட்டை, சருகு போன்றவற்றை மேலே பரப்பி மூடாக்கால் மூடிவிடுவதா? தோட்ட வேலை எதுவும் தெரியாமல் இறங்கிய நான் இரண்டையும் செய்தேன். வாசல் பக்கம் கொத்தினேன், பின்பக்கம் மூடினேன். இன்று யாராவது கேட்டால் மூடாக்கு என்றுதான் சொல்வேன்.

கொத்தினால் அன்றைக்கே இடம் தெளிவாகிவிடும், மறுநாளே விதைக்கலாம். புதைந்த கல்லும் கண்ணாடித் துண்டும் வெளியே வந்துவிடும். மூடாக்குக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இதெல்லாம் பார்த்தாலே தெரிவதுதான்.

என்னை முடிவெடுக்க வைத்தது, சுத்தம் செய்த பிறகு களை எவ்வளவு திரும்பி வருகிறது என்பதுதான். பல களைகளின் விதைகள் மண்ணுக்கடியில் வருடக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். புரட்டும்போது மேலே வந்து, வெளிச்சம் பட்டதும் முளைத்துவிடும். அருகம்புல் இன்னும் மோசம். மண்வெட்டி அதன் கொடியை எத்தனை துண்டாக வெட்டினாலும், கணு உள்ள துண்டு ஒவ்வொன்றும் தனியாகத் துளிர்க்கும். மூன்றாவது வாரமே வாசல் பக்கம் பச்சைப் பாய் விரித்த மாதிரி ஆகிவிட்டது. அதில் ஒரு கோரையை மட்டும் பொறுமையாகத் தோண்டிப் பார்த்தேன். மேலே நான்கைந்து இலைகள்தான். கீழே நூல் மாதிரி ஓடும் தண்டில், கோத்த மணிகள் போலக் கறுப்பாக ஐந்து கிழங்குகள். இலையைப் பிடித்து இழுத்தால் இவை மண்ணிலேயே தங்கிவிடும், திரும்ப முளைக்கும். அப்புறம் வாரத்தில் இரண்டு மாலை களை எடுப்பதிலேயே போனது.

பின்பக்கம் எல்லாவற்றையும் தரையோடு அறுத்து அங்கேயே போட்டேன். டேப் உரித்த பழுப்பு அட்டைகளை ஒன்றின் மேல் ஒன்று ஒரு சாண் ஏறும்படி பரப்பி, நன்றாக நனைத்து, மேலே நான்கு அங்குலத்துக்குச் சருகும் காய்ந்த புல்லும் கொட்டினேன். வெளிச்சமே இல்லாததால் அடியில் உள்ள களை, வேரில் சேர்த்து வைத்ததைத் தின்று தீர்த்து மடிகிறது. அட்டை விலகிய இடத்தில் மட்டும் புல் தலை நீட்டும், இன்னொரு துண்டு வைத்து அடைத்தால் சரி. நான்கு மாதம் கழித்துச் சருகை விலக்கினேன். அட்டை கையோடு பிய்ந்து வந்தது, அடியில் மண் ஈரமாக, பொலபொலவென்று இருந்தது, மண்புழுக்கள் நெளிந்தன. இப்போது அந்தப் பக்கத்துக்கு வாரம் பத்து நிமிடம் போதும். காத்திருக்க முடியாவிட்டால் அட்டையில் துளை போட்டுப் பூசணி நாற்று நடலாம்.

மூடாக்கு எல்லாவற்றையும் அடக்கிவிடாது. கோரையின் முளை ஊசி மாதிரி அட்டையைத் துளைத்துக்கொண்டு வரும், அதைக் கிழங்கோடு தோண்டித்தான் எடுக்க வேண்டும். முள்புதரின் அடிக்கட்டைக்குக் கடப்பாரைதான். மரத்தின் அடியை ஒட்டிச் சருகைக் குவித்தால் பட்டை அழுகும். கரையான் நடமாடும் இடமென்றால் வீட்டுச் சுவரிலிருந்து தள்ளியே போடுங்கள். என்னுடையது சமமான தரை, அதனால் சரிவான நிலத்துக்கு நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

களைக்கொல்லியை நான் தொடவில்லை. கிளைபோசேட் போன்றவை பச்சை இலை வழியாக உள்ளே போய் வேலை செய்பவை. மண்ணில் உறங்கும் விதையை அவை ஒன்றும் செய்யாது, ஆகவே களை திரும்பி வரும் பிரச்சினை அப்படியே நிற்கும்.

உடனே விதைத்தாக வேண்டும் என்றால் ஒரு சின்னப் பாத்தியை மட்டும் கொத்துங்கள், அதுவும் தினமும் குனிந்து களை எடுக்க முடிகிற அளவுக்கு. மீதியை மூடிவிடுங்கள். வாசல் பக்கத்துக்கும் போன மாதம் அட்டை விரித்துவிட்டேன்.