மான்செஸ்டரின் 1830 ரயில் கிடங்கு: எங்கே நின்று பார்க்க வேண்டும்

மான்செஸ்டர் அறிவியல், தொழில் அருங்காட்சியகத்தில் எஞ்சினைவிட முக்கியமான காட்சிப்பொருள் ஒரு கட்டடம். லிவர்பூல் - மான்செஸ்டர் ரயில்பாதை 1830 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்டது. அதன் மான்செஸ்டர் நிலையம் இருந்த இடம்தான் இந்த அருங்காட்சியகம்; அதே ஆண்டில் கட்டிய சரக்குக் கிடங்கு இன்னும் நிற்கிறது. பலர் கீழே முற்றத்தில் நின்று செங்கல் சுவரைப் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். தண்டவாளம் இருக்கும் பக்கம் போய்ப் பாருங்கள்: முற்றத்தில் மூன்று மாடியாகத் தெரிந்தது இங்கே இரண்டுதான். வேகன் மேல்மட்டத்தில் வரும். டர்ன்டேபிள் என்ற சுழல் மேடையில் திருப்பி, வாசல் வழியே நேராக உள்ளே தள்ளுவார்கள். சரக்கு கீழே இறங்கிக் குதிரை வண்டியில் ஏறும். பயணிகள் போக்குவரத்து 1844இலேயே இங்கிருந்து போய்விட்டது, சரக்கு மட்டும் 1975 வரை ஓடியது.

அருங்காட்சியகத்தின் இன்னொரு கட்டடமான பவர் ஹால், 1855ஆம் ஆண்டுச் சரக்குக் கொட்டகை. அங்கே நம் ஆட்கள் தேட வேண்டியது, பாகிஸ்தான் ரயில்வேயின் 3157 எண் எஞ்சின். 1911இல் வல்கன் ஃபவுண்டரி என்ற இங்கிலாந்து நிறுவனம் செய்தது, நம்மூர் அகலப்பாதை, தண்டவாள இடைவெளி 1676 மி.மீ. தென்னாப்பிரிக்காவுக்காகச் செய்த பிரம்மாண்டமான கேரட் (Garratt) வகை எஞ்சினின் பாதையோ 1067 மி.மீ.தான்! அவ்வளவு பெரிய உடம்பு வளைவில் எப்படித் திரும்பும்? பாய்லருக்கு அடியில் சக்கரமே கிடையாது. முன்னும் பின்னும் உள்ள இரண்டு எஞ்சின் பகுதிகளுக்கு நடுவே அது தொங்குகிறது. குனிந்து அந்தச் சுழல் இணைப்பைப் பாருங்கள்.

நுழைவு இலவசம். பழுதுபார்ப்புக்காகச் சில கட்டடங்களை மூடிவைப்பது இங்கே வழக்கம், கிடங்குக்குள் அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டே கிளம்புங்கள்.