மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா: என் ஓட்டு முதல் ஆல்பத்துக்கே

ஜாஸையும் ராக்கையும் கலந்து வாசித்த மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா குழுவின் எந்த ஆல்பம் ஒசத்தி என்று ரசிகர்களிடம் கேட்டால் நிறையப் பேர் ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ என்றுதான் சொல்வார்கள். 1973-இல் வந்தது, ஒலிப்பதிவு பளிச்சென்று இருக்கும், பாட்டுகளும் அளவாக இருக்கும். எனக்கும் பிடித்த ஆல்பம்தான், ஆனால் என் ஓட்டு 1971-இல் வந்த முதல் ஆல்பமான ‘தி இன்னர் மவுண்டிங் ஃப்ளேம்’க்குத்தான். இதைப் பற்றிப் பேச்சு எடுத்தாலே “என்னா ஸ்பீடு!” என்பதோடு முடித்துவிடுகிறார்கள், அதில் எனக்கு நிஜமாகவே வருத்தம் உண்டு.

ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸோடு ‘இன் எ சைலண்ட் வே’, ‘பிட்சஸ் ப்ரூ’ இரண்டு ஆல்பத்திலும் வாசித்துவிட்டு கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் சொந்தமாகக் கட்டிய குழு இது. மகாவிஷ்ணு என்பது அவருடைய குரு ஸ்ரீ சின்மோய் அவருக்கு வைத்த பெயர். மெக்லாஃப்லின் இங்கிலாந்துக்காரர், டிரம்ஸ் வாசித்த பில்லி கோபம் பனாமாவில் பிறந்தவர், கீபோர்டு யான் ஹாமர் பிராகிலிருந்து வந்தவர், பேஸ் ரிக் லெயர்ட் அயர்லாந்து, வயலின் ஜெர்ரி குட்மன் சிகாகோ. இப்படி ஐந்து திசையிலிருந்து வந்தவர்கள் ஒருவர் மூச்சை இன்னொருவர் கேட்டு வாசிப்பதுதான் இந்த ஆல்பத்தின் விசேஷம், வேகம் எல்லாம் அதற்கு அப்புறம்.

‘தி டான்ஸ் ஆஃப் மாயா’வை எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டார் தந்திகளை ஒவ்வொன்றாக மீட்டி மெதுவாக ஆரம்பிக்கும், சுரங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு ஒரு மாதிரி கலக்கமாக இருக்கும், ஒரு சுற்றுக்கு எத்தனை தட்டு என்று எண்ணிப் பார்த்தால் பத்து. நடுவில் சட்டென்று ப்ளூஸுக்குத் தாவுகிறார்கள், கேட்டதும் ஒரு நிம்மதி வரும், அப்பாடா இது தெரிந்த விஷயம் என்று தொடையில் தாளம் போட ஆரம்பித்தால் நாலைந்து தட்டிலேயே கை தப்பிவிடும், ஏனென்றால் அந்த ப்ளூஸின் ஒரு சுற்று இருபது தட்டு. இது பத்தின் இரட்டிப்பு என்பதால் கடைசிப் பகுதியில் அந்த முதல் மீட்டலை ப்ளூஸின் மேலேயே கொண்டுவந்து வைக்கிறார்கள், இரண்டும் கச்சிதமாகப் பொருந்துகிறது. சம்பந்தமே இல்லாத இரண்டு பாட்டு என்று இவ்வளவு நேரம் நினைத்தது ஒரே பாட்டுதான் என்று புரிகிற அந்த இடத்துக்காகவே இந்த ஆல்பத்தை வாங்கலாம். தாளம் போட்டுக் கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் பிடிபடும்.

‘யூ நோ யூ நோ’வில் வேகமே கிடையாது. ஒரே கிட்டார் மெட்டு திரும்பத் திரும்ப வருகிறது, இடையில் நிறைய மௌனம், அந்த மௌனத்துக்குள் டிரம்மர் பில்லி கோபம் திடுதிப்பென்று புகுந்து டிரம்ஸைப் பொழிந்துவிட்டு விலகிக்கொள்கிறார். ‘எ லோட்டஸ் ஆன் ஐரிஷ் ஸ்ட்ரீம்ஸ்’ஸில் டிரம்ஸும் இல்லை, பேஸும் இல்லை, அகூஸ்டிக் கிட்டார், பியானோ, வயலின் மட்டும். இந்த இரண்டையும் கேட்டபிறகு யாராவது இது வெறும் விரல் வித்தை என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ரிக் லெயர்ட் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். மற்ற நாலு பேரும் கொளுத்திப் போட்டுக்கொண்டிருக்கும்போது அவர் கீழே அதே சொற்ப சுரங்களை அசையாமல் பிடித்து நிற்கிறார், அவர் நகர்ந்தால் மொத்தமும் சரிந்துவிடும். பின்னாளில் இசையை விட்டுப் புகைப்படக்காரர் ஆகிவிட்டார், 2021-இல் காலமானார்.

குறை இல்லாமல் இல்லை. ஒலிப்பதிவு கரடுமுரடுதான். சத்தம் ஏறும் இடங்களில் பேஸ் அமுங்கிப் போகிறது, வயலின் சில இடத்தில் காதைக் கிழிக்கிறது, மலிவான இயர்போனில் கேட்டால் ‘தி நூன்வர்ட் ரேஸ்’ தலைவலியில்தான் முடியும். கடைசிப் பாட்டு ‘அவேக்கனிங்’ எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை, அதில் மட்டும் எல்லோரும் எல்லோரையும் முந்தப் பார்க்கிறார்கள்.

‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ பக்கம் நிற்பவர்களின் வாதமும் சொத்தையில்லை. அதில் ஹாமருக்கு மினிமூக் என்ற சிந்தசைசர் வந்துவிட்டது, சுரத்தை வளைத்து வளைத்து கிட்டாருக்கு நேருக்கு நேர் பதில் சொல்கிறார், ‘ஒன் வேர்ட்’ பாட்டில் மூன்று பேர் மாறி மாறி வாசிக்கும் பகுதி இந்தக் குழுவின் உச்சங்களில் ஒன்று. ஆனால் அங்கே எல்லாம் எங்கே போகிறது என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது. முதல் ஆல்பத்தில் அது தெரியாமல் தேடுகிறார்கள், அந்தத் தேடல் காதில் விழுகிறது. எனக்கு அதுதான் வேண்டும்.

கிங் கிரிம்சன் என்ற ராக் குழுவின் ரசிகர்களுக்கு ஒரு வார்த்தை: அவர்களுடைய ‘லார்க்ஸ் டங்ஸ் இன் ஆஸ்பிக்’ ஆல்பம் பிடித்தவர்களுக்கு இது பிடிக்காமல் போக வாய்ப்பே இல்லை, வயலினும் ஒற்றைப்படைத் தாளமும் முரட்டு கிட்டாரும் இங்கே இரண்டு வருஷம் முன்னாலேயே இருக்கின்றன. சுத்தமான ஜாஸ் கிட்டார் மட்டும் கேட்பவர்கள் நேரே இதில் குதிக்க வேண்டாம். மெக்லாஃப்லினின் 1969 ஆல்பம் ‘எக்ஸ்ட்ராபொலேஷன்’ கேட்டுவிட்டு வாருங்கள், அதே கை, சத்தம் குறைவு.

கர்நாடக சங்கீதம் வழியாக வருகிறவர்கள் 1976-இல் வெளியான மெக்லாஃப்லினின் ‘சக்தி’ ஆல்பத்திலிருந்து பின்னோக்கி வரலாம். அவர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர். ‘சக்தி’யில் எல். சங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, விக்கு விநாயக்ராம் கடம், ராம்நாடு ராகவன் மிருதங்கம். அதை முதலில் கேட்டுவிட்டு இங்கே வந்தால் ‘டான்ஸ் ஆஃப் மாயா’வின் தாளக் கணக்கு மெக்லாஃப்லினுக்கு அப்போதே கையில் இருந்திருக்கிறது என்பது தெரியும்.

ஐந்துக்கு நாலரை கொடுக்கிறேன், அரை மதிப்பெண் ‘அவேக்கனிங்’குக்காகக் குறைத்தது. ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’க்கு நாலு. மாற்றிப் போடுகிறவர்கள் எந்தப் பாட்டுக்காக என்று சொல்லுங்கள், ‘ஒன் வேர்ட்’டைத் தவிர்த்து.