பெட்டர் கோல் சோல்: அண்ணன் மதிக்காத தம்பி

‘பிரேக்கிங் பாட்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் சிரிப்பூட்ட வந்த சட்டத்தரணி சோல் குட்மனின் முற்கதையை வின்ஸ் கிலிகனும் பீற்றர் கூல்டும் 2015 முதல் 2022 வரை ஆறு பருவங்களில், 63 அங்கங்களாகச் சொல்லியிருக்கிறார்கள். போதைப்பொருள் கும்பல்களும் கொலைகளும் நிறைந்த இக்குற்றத்தொடரில் என்னைக் கட்டிப்போட்டது ஒரு சகோதரப் பகைதான்.

முதற் பருவத்தில், பின்னாளில் சோல் குட்மன் ஆகப்போகும் ஜிம்மி மக்கில் அஞ்சல்வழிப் படித்துச் சட்டத்தரணியானவன். அண்ணன் சக், பெரிய சட்ட நிறுவனமொன்றின் பங்காளி. தம்பியை அந்நிறுவனத்துக்குள் நுழையவிடாமல் மறைவில் நின்று தடுத்தவர் அண்ணனே என்பது ஒன்பதாம் அங்கத்தில் வெளிப்படுகிறது. எங்கே படித்தவர், என்ன பட்டம் என்று விசாரித்த பிறகே ஒருவரை எடைபோடும் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் சக்கின் இளக்காரம் புதிதன்று. மின்சாரம் உடலுக்கு ஆகாதென நம்பி அவர் விளக்கொளியில் வாழ்வதைப் பார்த்து, தொண்ணூறுகளில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் சற்றுச் சிரிக்கவும் கூடும்.

இரண்டாம் பருவம் மெதுவானது. ஆனால் ஆவணத்தில் ஒரு முகவரியின் இரு இலக்கங்களை ஜிம்மி இடம்மாற்றும் சிறு மோசடியிலிருந்துதான் மூன்றாம் பருவத்தின் விசாரணைக் காட்சி பிறக்கிறது. துப்பாக்கி எதுவுமில்லாத அந்த அறையில், அண்ணனின் நோயையே சாட்சியாக்கித் தம்பி அவரை எல்லோர் முன்னிலையிலும் உடைத்துவிடுகிறான். முழுத் தொடரின் உச்சமும் இதுவே என்பது என் கருத்து. சக்காக வரும் மைக்கல் மக்கீனின் நடிப்பு அங்கே அசாத்தியமானது.

நான்காம் பருவத்தில் போதைப்பொருள் தயாரிக்க நிலக்கீழ் ஆய்வுகூடம் கட்டும் பகுதியைச் சுருக்கியிருக்கலாம். ஐந்தாவதில் ஜிம்மியும், கும்பலொன்றுக்கு வேலைபார்க்கும் முன்னாள் பொலிஸ்காரர் மைக்கும் ஏழு மில்லியன் டொலரைச் சுமந்து பாலைவனத்தைக் கடக்கும் அங்கம் மட்டுமே அந்தக் குறையை ஈடுசெய்துவிடுகிறது. போதைப்பொருள் கும்பல்காரன் லாலோவாக வரும் ரொனி டோல்ற்றன் புன்னகைத்தாலே அச்சமாக இருக்கிறது.

ஜிம்மியின் காதலியும் சட்டத்தரணியுமான கிம் வெக்ஸ்லரைத் தனியே சொல்லவேண்டும். ‘பிரேக்கிங் பாட்’டில் இல்லாத பாத்திரம் ஆதலால், அவளுக்கு என்ன நேருமோ என்ற பதற்றம் இறுதிவரை நீடிக்கிறது. அதிகம் பேசாமலே அப்பாத்திரத்தைத் தாங்கிய ரியா சீஹோர்னுக்கு இதற்காக எம்மி விருது கிடைக்காதது விருதுக்குத்தான் இழுக்கு.

முதல் ஐந்து பருவங்களின் தொடக்கத்திலும் தலைகாட்டிய, ஒமாஹா நகரில் ஒளிந்து வாழும் சோலின் கறுப்பு வெள்ளை வாழ்க்கை, ஆறாம் பருவத்தின் கடைசி அங்கங்களைப் பெரும்பாலும் நிறைத்துவிடுகிறது. முடிவை இங்கே உடைக்கப்போவதில்லை. ‘பிரேக்கிங் பாட்’டைப் பார்க்காதவர்கள் அதை முடித்துவிட்டு வருவதே நல்லது, இல்லாவிடில் அந்தப் பகுதி பாதிதான் விளங்கும்.