கிளட்ச் செட் மாற்றியதாகச் சொல்லி, பழைய பிளேட்டையே தேய்த்து மாட்டிக் கொடுத்துவிட்டார்கள்

100 சிசி, 125 சிசி கியர் பைக் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். டயர் மாற்றினால் கண்ணுக்குத் தெரியும், செயின் மாற்றினாலும் தெரியும். இன்ஜினின் சுழற்சியை உராய்வால் பிடித்து கியருக்குக் கடத்தும் கிளட்ச் பிளேட்டை மாற்றினார்களா இல்லையா என்பது வலது பக்க இன்ஜின் கவரைக் கழற்றினால்தான் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் என்னிடம் விளையாடியிருக்கிறார்கள்.

வண்டியில் கோளாறு இருந்தது உண்மை. பின்னால் ஆளை ஏற்றிக்கொண்டு மேடு ஏறும்போது ஆக்ஸிலேட்டரைத் திருகினால் இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி நகர மறுக்கும். மைலேஜும் குறைந்திருந்தது. கிளட்ச் கேபிளை முதலிலேயே பார்த்துவிட்டேன். கிளட்ச் லிவர் நுனியில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா ஆட வேண்டும், பெரும்பாலான சின்ன வண்டிகளுக்கு இதுதான் கணக்கு, அது சரியாகவே இருந்தது. (அந்த ஆட்டம் இல்லாமல் கேபிள் இறுகிக் கிடந்தால் நல்ல பிளேட்டும் வழுக்கும். யாராவது எடுத்த எடுப்பில் பிளேட் போச்சு என்று சொன்னால் முதலில் இதைப் பார்க்கச் சொல்லுங்கள், செலவே இல்லாமல் முடிந்துவிடலாம்.) அதனால் பிளேட் தேய்ந்துவிட்டது என்று மெக்கானிக் கடைக்காரர் சொன்னது சரியாகத்தான் பட்டது. "முழு செட்டா மாத்திடலாம்ணே, பிளேட், ஸ்டீல் பிளேட், ஸ்பிரிங், கேஸ்கெட், ஆயில் எல்லாம் புதுசு" என்றார். சரி, பழைய பாகங்களை எடுத்து வையுங்கள் என்று சொல்லிவிட்டு வண்டியை விட்டுவிட்டு வந்தேன்.

எடுக்கப் போனபோது பழைய பாகம் இல்லை. பையன் குப்பையில் போட்டுவிட்டானாம். பில்லில் 'கிளட்ச் செட்' என்று ஒரே வரி, கம்பெனி பெயரும் இல்லை, பார்ட் நம்பரும் இல்லை. அதைவிட லிவர்தான் உறுத்தியது. பிடித்தால் கல்லைப் பிசைகிற மாதிரி இருந்தது, கொஞ்ச தூரம் நெரிசலில் போனாலே இடது மணிக்கட்டு கடுத்துவிடும். கேட்டதற்கு, "புது பிளேட்டுண்ணே, செட் ஆக ஆக லேசாயிடும்" என்றார். இது பச்சைப் பொய். லிவரின் கனம் முக்கியமாக ஸ்பிரிங் அழுத்தத்தைப் பொறுத்தது, அதோடு கேபிளின் நிலையும் சேரும். வண்டிக்கு உரிய ஸ்பிரிங்கைப் போட்டு கேபிளும் சுத்தமாக இருந்தால், பிளேட் புதுசு என்பதற்காக இப்படிக் கனக்காது.

கொஞ்ச நாள் நன்றாக இழுத்தது. அப்புறம் மறுபடியும் அதே வழுக்கல், கூடவே இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது: சிக்னலில் நின்றால் நியூட்ரல் விழாது, கிளட்சை முழுக்கப் பிடித்திருந்தாலும் வண்டி முன்னால் நகரப் பார்க்கும். பிடிக்க வேண்டிய நேரத்தில் வழுக்குகிறது, விட வேண்டிய நேரத்தில் ஒட்டிக்கொள்கிறது. திரும்பப் போய்ச் சொன்னால் கேபிளை ஒரு திருகு திருகிவிட்டு அனுப்பினார்கள்.

வேறொரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். "பக்கத்துலயே நில்லு தம்பி, நீயே பாரு" என்று சொல்லித்தான் ஸ்பேனரையே எடுத்தார். கவரைக் கழற்றியதும் முதலில் கண்ணில் பட்டது கேஸ்கெட், கவருக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஆயில் கசியாமல் வைக்கும் மெல்லிய அட்டை. பழையது பாதி கிழிந்து, அதன் மேலேயே சிலிக்கான் பேஸ்டை அப்பியிருந்தார்கள். உள்பக்கம் பிதுங்கிய பேஸ்ட் துணுக்கு துணுக்காகத் தொங்கியது. எனக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது இதைப் பார்த்துத்தான். அந்தத் துணுக்குகள் ஆயிலில் கலந்து ஸ்ட்ரெயினரை (ஆயிலை வடிகட்டும் சல்லடை) அடைத்தால் மேலே ஆயில் ஏறாது, கிளட்சோடு போகாமல் இன்ஜினே போயிருக்கும்.

ஸ்பிரிங்குகளை எடுத்தார். ஒவ்வொன்றோடும் ஒரு சாதாரண வாஷர் சேர்ந்து வந்தது. தளர்ந்துபோன பழைய ஸ்பிரிங்குக்கு வாஷர் கொடுத்து அழுத்தத்தை ஏற்றியிருக்கிறார்கள், கை கடுத்ததற்குக் காரணம் அதுதான். வாஷர் இடத்தைப் பிடித்துக்கொண்டதால் ஸ்பிரிங் முழுசாக அமுங்க வழியில்லை, பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட் போதுமான அளவு விலகவில்லை, நியூட்ரல் விழாததற்கு அதுவும் ஒரு காரணம் என்றார்.

அடுத்து பிளேட்டுகள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் உப்புத்தாள் தேய்த்த கீறல் குறுக்கும் நெடுக்குமாகத் தெரிகிறது, கீறலுக்கு நடுவே கருகிப் பளபளத்த பழைய மேல்தோல் திட்டுத்திட்டாக அப்படியே இருக்கிறது. தேய்த்தால் கொஞ்ச நாள் பிடிக்கும், அவ்வளவுதான், ஏற்கெனவே மெலிந்ததை இன்னும் மெலியவைத்த வேலை. வெர்னியர் அளவுகோல் வைத்து தடிமனை அளந்தார். புதுசு 3 மில்லிமீட்டருக்குப் பக்கம் இருக்கும், என் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் 2.6க்குக் கீழே போனால் மாற்றச் சொல்லியிருக்கிறது, இது 2.4. இவற்றுக்கு நடுநடுவே வரும் ஸ்டீல் பிளேட்டுகளில் சூடேறிய நீலக் கறை. கண்ணாடித் துண்டின் மேல் வைத்து ஓரத்தை விரலால் தட்டினால் டக் டக் என்று ஆடியது, நெளிந்திருக்கிறது. இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் நுழைத்து அதையும் காட்டினார். புதுசு என்று காசு வாங்கியதில் ஒன்றுகூடப் புதுசு இல்லை.

ஆயிலும் சந்தேகம்தான். கார் ஆயில் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் இருக்கும், ஆயிலுக்குள்ளேயே மூழ்கி ஓடும் பைக் கிளட்சுக்கு அது ஆகாது. டப்பாவில் ஜாசோ (JASO) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று, இப்படிப்பட்ட கிளட்சுக்கு ஏற்ற ஆயில் என்பதற்கான தரக் குறியீடு போட்டிருக்க வேண்டும். எனக்கு அந்தக் கடையில் டப்பாவையே காட்டவில்லை.

இவர் செய்த வேலையையும் சொல்லிவிடுகிறேன், ஒப்பிட்டுப் பார்க்க உதவும். புது பிளேட்டுகளை அப்படியே மாட்டாமல் ஆயிலில் ஊறவைத்தார். அது ஊறுவதற்குள் ஸ்ட்ரெயினரைக் கழற்றி ஒட்டியிருந்த சிலிக்கானை எல்லாம் எடுத்தார், பிளேட்டுகள் உட்காரும் ஹவுசிங்கின் விரல் போன்ற நீட்சிகளில் பள்ளம் விழுந்திருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்த்தார், நல்லவேளை லேசாகத்தான் இருந்தது. ஸ்பிரிங் போல்ட்டுகளை ஒரே மூச்சில் முடுக்காமல் எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். கேஸ்கெட் புதுசு. பில்லில் ஒவ்வொரு பாகத்துக்கும் தனி வரி. இப்போது லிவரை இரண்டு விரலால் பிடிக்க முடிகிறது.

பழைய கடைக்குப் பிளேட்டையும் வாஷரையும் எடுத்துக்கொண்டு போனேன். முதலில் இது நாங்கள் போட்டதே இல்லை என்றார்கள், அப்புறம் சப்ளையர் டூப்ளிகேட் கொடுத்திருப்பான் என்றார்கள். டூப்ளிகேட் பிளேட்டில் உப்புத்தாள் கீறல் எப்படி வந்தது என்று கேட்டதற்குப் பதில் இல்லை, காசும் திரும்ப வரவில்லை.

கிளட்ச் வேலைக்கு வண்டியை விட்டால், கவர் திறந்திருக்கும்போது ஒரு தடவை, புது பிளேட் உள்ளே போவதற்கு முன் ஒரு தடவை, இந்த இரண்டு நேரமும் அங்கே நில்லுங்கள். நிற்க முடியாவிட்டால் புதுசையும் பழசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். வண்டியை எடுத்ததும் காசைக் கொடுப்பதற்கு முன்னால், காலியான ரோட்டில் டாப் கியரில் மெதுவாகப் போய்க்கொண்டே ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று திருகிப் பாருங்கள். சத்தம் முன்னால் ஓடி வேகம் பின்னால் வந்தால் அங்கேயே திரும்பவும் கழற்றச் சொல்லுங்கள். வேலை முடிந்து லிவர் முன்பைவிடக் கனமாகிவிட்டது என்றால், கேபிளில் குறை இல்லையென்றால், உள்ளே வாஷர் இருக்கிறதா என்று கேளுங்கள்.