சதுரங்களைத் தைப்பதா, நடுவிலிருந்து சுற்றுவதா: கைப்பின்னல் போர்வைக்கு எது நல்லது?

குழந்தைக்கு உல்லன் போர்வை பின்ன உட்காருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைத்தான் எடுப்பார்கள். சிறு சதுரங்களாகப் பின்னி வைத்துக்கொண்டு கடைசியில் தைத்துச் சேர்ப்பது ஒன்று. நடுவில் எட்டுக் கண்ணிகளோடு (ஊசியில் ஏறும் நூல் சுருக்குகள்) தொடங்கி, வட்ட ஊசியில் (இரண்டு ஊசி முனைகளை வளையும் கேபிள் ஒன்று இணைப்பது) சுற்றிக்கொண்டே வெளிப்பக்கமாக வளர்ப்பது மற்றொன்று. எங்கள் வீட்டில் இரண்டுமே புழங்குகின்றன. இனி நான் பின்னுவது சுற்றுப் பின்னல்தான். ஆகவே என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

சதுரங்களின் வசதி எல்லோருக்கும் தெரிந்ததே. கைப்பையில் அடங்கும், பஸ்ஸில் பின்னலாம், மிச்சம் மீதி நூல்கள் தீரும், வீட்டில் இருக்கும் சாதாரண ஊசிகளே போதும்.

சுற்றுப் பின்னலுக்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். ஒரு சுற்று நிட் (முன்பக்கம் வழவழப்பாக விழும் கண்ணி), அடுத்த சுற்று பர்ல் (முன்பக்கம் மேடாக விழும் கண்ணி). நிட் சுற்றில் மட்டும் மூலைக்கு இரண்டாக எட்டுக் கண்ணிகள் கூட்ட வேண்டும். இந்த வகைப் பின்னலில் இரண்டு சுற்றுகளின் உயரமும் ஒரு கண்ணியின் அகலமும் ஏறக்குறையச் சமம் என்பதால் சதுரம் தட்டையாகப் படியும். பர்ல் அலுப்பாக இருக்கிறது என்று நிட் மட்டுமே போட்டால் இந்தக் கூட்டல் போதாது. நடுப்பகுதி கிண்ணம்போலக் குழிந்துவிடும், ஓரமும் சுருளும்.

நூல் கணக்கிலும் ஒரு விஷயம் உண்டு. 90 செ.மீ. போர்வையில், பக்கம் 64 செ.மீ. ஆகும்போதுதான் பாதி நூல் தீர்ந்திருக்கும். முக்கால்வாசி முடிந்தது என்று தோன்றும் நேரத்தில் கிட்டத்தட்ட பாதி வேலை மீதி இருக்கும். ஆனால் நூல் தீருகிற இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். அளவை முன்கூட்டியே முடிவு செய்யத் தேவையில்லை. கடைசி நூல் உருண்டையின் சாயம் சற்றே மாறியிருந்தாலும் அது கரை போட்டதுபோல அழகாகவே இருக்கும்.

இவையெல்லாம் ஒரு பக்கம். என்னைத் தீர்மானிக்க வைத்தது துவைப்புதான். 15 செ.மீ. சதுரங்களால் அதே 90 செ.மீ. போர்வையைச் செய்தால் 36 துண்டுகள், 72 நூல் முனைகள், மொத்தம் 9 மீட்டர் தையல். ஈரத்தில் உல்லன் கனத்துத் தொங்குகிறது. பின்னல் இழுபடும் அளவுக்குத் தையல் இழுபடுவதில்லை. அதனால் தையல் ஓரமாகச் சுருக்கங்கள் விழுகின்றன. நான்கு மூலைகள் சந்திக்கும் இடத்தில் முதலில் ஒரு கண் திறக்கும். விரலை விட்டால் இரண்டு கண்ணி தூரம் நூல் தளர்ந்திருப்பது தெரியும். செருகி மறைத்த முனைகளும் ஒவ்வொன்றாக வெளியே தலைகாட்டும். குழந்தையின் கால்விரல் அதில்தான் போய்ச் சிக்கும். சுற்றுப் போர்வையில் தையலே இல்லை. உருண்டை மாற்றிய இடங்களையும் நடு முனையையும் பார்த்துக்கொண்டால் போதும். அந்த நடு முனையை மட்டும் தொடக்க வளையத்தில் இரண்டு முறை சுற்றி இழுத்துச் செருகிவிட வேண்டும். எதுவானாலும் கொடியில் தொங்கவிடாமல் துண்டின் மேல் பரப்பி உலர்த்துங்கள்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: சதுரப் போர்வை எங்கள் வீட்டில் மூத்தது, சுற்றுப் போர்வை அதன் அளவுக்கு இன்னும் அடிபடவில்லை. எலி கடித்தாலோ ஓட்டை விழுந்தாலோ சதுரத்தில் ஒரு துண்டைப் பிரித்து மாற்றலாம். சுற்றில் கண்ணி கண்ணியாகத்தான் இழை ஓட்ட வேண்டும். என் பின்னலில் 10 செ.மீ.க்கு 18 கண்ணிகள். அந்தக் கணக்கில் கடைசிச் சுற்றில் 648 கண்ணிகள் இருக்கும். நீளமான கேபிள் வேண்டும், முடிக்கும்போது ஒரு அளவு பெரிய ஊசியால் தளர்வாக முடிக்க வேண்டும். வெயில் காலத்தில் அந்தக் கட்டத்தில் மடியில் கிடக்கும் பாரம் சுகமானதல்ல. இரட்டைக் கட்டில் அளவுக்கு நான் சுற்றிப் பார்த்ததில்லை.

பஸ்ஸில் மட்டுமே பின்ன நேரம் கிடைக்கிறவர்கள் சதுரத்தையே எடுக்கலாம். ஆனால் தனித்தனியாகப் பின்னித் தைக்காமல், முடிந்த சதுரத்தின் ஓரத்திலிருந்தே கண்ணிகளை எடுத்து அடுத்ததைத் தொடங்குங்கள். தையல் வேலை பெருமளவு மிச்சமாகும்; போர்வை பெரிதாகும் வரை பையிலும் அடங்கும்.